வைக்கோலை அவித்து எடுத்த சர்க்கரைச் சாற்றை, அதிலுள்ள நச்சையும் தாங்கி நொதிக்கவைக்கக் கிருமி பழக்கியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

உப்புவெளி:
தம்பலகாமத்து வைக்கோல்தான். அமிலத்தில் 121 பாகையில் அவித்து, நாரைச் சர்க்கரையாக்கும் செல்லுலேஸ் நொதி போட்டு எடுத்த சாறு, உங்களுக்கெல்லாம் தெரிந்த அதே கறுப்பும் வாதுமை வாசமும். பனங்கள்ளில் இருந்து எடுத்த, சர்க்கரையை மதுவாக்கும் சைமோமோனாஸ் பக்டீரியாவை 10 சதவீதச் சாற்றில் தொடங்கி, ஒவ்வொரு நாளும் புது ஃபிளாஸ்க்குக்கு மாற்றி மாற்றி ஏற்றிக்கொண்டு போனேன். 30 சதவீதத்தில் நின்றுவிட்டது, நான்கு நாள் ஒரு குமிழி இல்லை. ஐந்தாம் நாள் காலை கதவைத் திறக்கும்போதே கள்ளு வாசம், ஃபிளாஸ்க்கின் கழுத்து வரைக்கும் நுரை. உடனே அம்மாவுக்குப் போன் எடுத்து "வந்திட்டுது அம்மா" என்றேன், என்ன வந்தது என்று அவவுக்கு விளங்கவில்லை, ஆனாலும் சந்தோஷப்பட்டா.

பின்னேரம் நுணுக்குக்காட்டியில் வைத்தால் உருண்டை உருண்டையாக, ஒவ்வொன்றின் தோளிலும் ஒரு மொட்டு. ஈஸ்ட். கள்ளோடு வந்து என் பக்டீரியாவைத் தள்ளிவிட்டுத் தான் பழகியிருக்கிறது. எந்த நாள் மாறியது என்பதுதான் இன்னும் தூங்க விடவில்லை. சாறு கறுப்பு, கலங்கல் தெரியாது, நான் நுரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கிண்ணியா:
தங்கச்சி, எனக்கு நடந்தது சின்னது: 2022 மார்ச் கடைசியில் கரண்ட் 13 மணித்தியாலம் நின்ற நாட்களில், சாற்றில் உண்டாகும் நச்சான ஃபர்ஃபுரலுக்குப் பழக்கி உறையவைத்திருந்த ஈ.கோலை பக்டீரியா ட்யூப் அத்தனையும் உருகிப் போனது. கையில் எடுத்தபோது வெதுவெதுப்பாக இருந்தது, அந்தச் சூடு இன்னும் விரலில் இருக்கிறது.

நீங்கள் செய்யவேண்டியது இதுதான். வளர்ப்பில் உறைவிலிருந்து கலத்தைக் காக்கும் கிளிசரோல் கலந்து வாரத்துக்கு ஒன்றாவது உறையவையுங்கள், இரண்டு இடத்தில். பரிணாம ஆய்வாளர் லென்ஸ்கி 1988-இல் தன் ஈ.கோலைப் பரிசோதனையை 12 ஃபிளாஸ்க்கோடு தொடங்கினார், நாளுக்கு நூறில் ஒரு பங்கு மாற்றுவது, 500 தலைமுறைக்கு ஒருமுறை உறையவைப்பது, அதனால்தான் எது எப்போது மாறியது என்று பின்னுக்குப் போய்ப் பார்க்க முடிந்தது. அப்புறம் சைக்ளோஹெக்சிமைட் சேருங்கள், ஈஸ்ட் அடங்கும், பக்டீரியாவுக்கு ஒன்றும் ஆகாது. பழகியதைச் சாறில்லாத ஊடகத்தில் சில நாள் வளர்த்துவிட்டுத் திரும்பச் சாற்றில் போடுங்கள், தாங்கினால்தான் அது மரபணு மாற்றம், இல்லாவிட்டால் தற்காலிகப் பழக்கம். உண்மையில் இவ்வளவு பாடே தேவையில்லை, சுண்ணாம்பு போட்டு பிஎச் 10-க்கு ஏற்றி இறக்கினால் ஃபர்ஃபுரல் நன்றாகக் குறைந்துவிடும்.

மூதூர்:
கிண்ணியா அண்ணா, சுண்ணாம்பு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். சர்க்கரையும் கொஞ்சம் சேர்ந்து போகிறது, ஜிப்சம் அடியில் படிகிறது, வினாகிரியில் உள்ள அதே அசற்றிக் அமிலம் அப்படியே நிற்கிறது. நான் நொந்தது அந்த அமிலத்தால்தான். ஃபர்ஃபுரலை மட்டும் போட்டு மாதக்கணக்கில் பழக்கிய கிருமியை உண்மையான சாற்றில் விட்டேன், ஒரே இரவில் செத்தது. பிஎச் தாளை நனைத்துப் பார்த்தேன், 5-க்கும் கீழே. அசற்றிக்கின் பிகேஏ, அதாவது பாதி அமிலம் பிரியாமல் நிற்கும் பிஎச், 4.76, அந்தப் பக்கம் போனால் அமிலம் பிரியாமலே மென்சவ்வைக் கடந்து உள்ளே போய்ப் பிரிந்து கலத்தைப் புளிக்கவைக்கும். 6-க்கு ஏற்றினேன், அதே கிருமி, மறுநாள் வளர்ந்தது. தனி நச்சுக்குப் பழக்குவது வேறு, சாற்றுக்குப் பழக்குவது வேறு. உப்புவெளி தொடங்கிய விதம்தான் சரி. ஆனால் ஒன்று, சைமோமோனாஸுக்கு இயல்பாக சைலோஸ் சாப்பிடத் தெரியாது, வைக்கோலின் சர்க்கரையில் நல்ல பங்கு அதுதான், அதையும் யோசியுங்கள்.

உப்புவெளி:
சைலோஸ் தெரியும் அக்கா, முதலில் இது தாங்கட்டும். நேற்று பிரிட்ஜின் பின்பக்கம் 22-ஆம் நாள் என்று எழுதிய ட்யூப் ஒன்று கிடைத்தது. ஊடகத் தட்டில் கீறி வளரவைத்தேன். இன்று காலை நுணுக்குக்காட்டியில் பார்த்தேன், குட்டையான தடித்த கோல்கள், இரண்டு இரண்டாக. மொட்டு ஒன்றும் இல்லை. சைக்ளோஹெக்சிமைட் யாரிடமாவது மிச்சம் இருக்கிறதா?