பொருள்: மறுமொழி: கார் கேமராவின் கட்-ஆஃப் வோல்டேஜ் – 'மடைமட்டம்' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

> தாழ் மின்னழுத்தத் துண்டிப்பு அளவு

கார் பேட்டரியின் மின்னழுத்தம் எந்த அளவுக்கு இறங்கினால் கேமராவுக்குப் போகும் மின்சாரம் நிற்கவேண்டுமோ, அந்த அளவுதான் கட்-ஆஃப் வோல்டேஜ். அதற்கு இங்கே முன்வைக்கப்பட்ட இந்தச் சொல்லில் பொருட்பிழை இல்லை. ஆனால் மெக்கானிக்கிடம் நின்றுகொண்டு யாரும் இதைச் சொல்லப்போவதில்லை. நேற்று ஒரு வரியில் 'மடைமட்டம்' என்று எழுதியதற்கு விளக்கம் கேட்டிருந்தீர்கள்.

தில்லி மயூர் விஹாரில் எங்கள் கார் தெருவில்தான் நிற்கும். உரசிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். அதனால் நிறுத்திய பிறகும் படம் பிடிக்கும்படி, கரோல்பாக் கடை ஒன்றில் கேமராவைக் கார் பேட்டரியோடு நேரே இணைத்துக்கொண்டேன். பொங்கலுக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தால் கார் கிளம்பவில்லை. ஜனவரிக் குளிர் வேறு. பக்கத்து வீட்டு சர்தார்ஜி ஜம்ப் கேபிள் கொண்டுவந்து காப்பாற்றினார். பேட்டரிக்கும் கேமராவுக்கும் நடுவே இருக்கும் இணைப்புப் பெட்டியைப் பார்த்தால், கட்-ஆஃப் 11.6 வோல்ட்டில் இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

முழுதாக ஏறிய 12 வோல்ட் ஈய அமில பேட்டரி ஓய்வில் ஏறக்குறைய 12.6 காட்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். 11.6 என்றால் அநேகமாகக் காலி. என் கேமரா 0.3 ஆம்பியர் இழுக்கிறது, ஒரு நாளைக்கு 7 ஆம்பியர்-மணிக்கு மேல். சின்னக் காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டரை நாளில் பாதியாகிவிடும். அடிக்கடி இப்படி வற்றவிட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து பேட்டரியின் ஆயுளும் குறையும்.

இப்போது ஏரியை நினைத்துப் பாருங்கள். மடை இருக்கும் மட்டத்துக்குக் கீழே உள்ள தண்ணீர் வயலுக்குப் போகாது. ஆடுமாடுகளுக்கும் மீனுக்கும் அது நிற்கும். இங்கே கேமராதான் வயல். மடைக்குக் கீழே நிற்பது காரைக் கிளப்புவதற்கு. 'துண்டிப்பு' என்றால் எதையோ இழப்பதுபோல இருக்கிறது, எதற்காக நிறுத்துகிறோம் என்பது அதில் இல்லை. மடைமட்டத்தில் அது இருக்கிறது.

நகரத்துப் பிள்ளைகளுக்கு மடை தெரியாது என்றார் பெங்களூரு அன்பர். 'மடை திறந்த வெள்ளம்' தெரியாத பிள்ளை உண்டா? 'மட்டம்' என்றால் மோசம் என்று பொருள்படுமே என்றும் கேட்டார். நீர்மட்டம், கடல்மட்டம் என்று சொல்லும்போது யாரும் அப்படி எடுத்துக்கொள்வதில்லையே.

"மடைமட்டத்தை 12.2இல் வைங்க" என்று நேற்று அண்ணனிடம் போனில் சொன்னேன். என்னவென்று அவர் திருப்பிக் கேட்கவில்லை.

அப்புறம், கேமராவுக்கு உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி வேறு விஷயம். அதற்கும் இந்தச் சொல்லுக்கும் தொடர்பில்லை. தில்லியின் மே மாத வெயிலில் அது உப்பிவிடக்கூடும் என்பதால், அதற்குப் பதிலாக சூப்பர் கெபாசிட்டர் (கொஞ்சம் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் உறுப்பு) வைத்த கேமராவை வாங்குகிறார்கள். கடைசிக் கோப்பைச் சேமிக்கும் சில விநாடிகளுக்குத்தான் அது தாங்கும். சூப்பர் கெபாசிட்டருக்கு 'மீமின்தேக்கி' என்ற சொல் எனக்குச் சம்மதம். நிறுத்திய காரிலிருந்தும் படம் பிடிக்கும் 'பார்க்கிங் மோடு'க்கு வந்த 'நிறுத்தக் காவல்' நன்றாகவே இருக்கிறது.

மட்டத்தைத் தொட்டதும் கேமரா தானாக அணைவதை 'மடையடைப்பு' எனலாமா? கருத்துச் சொல்லுங்கள்.