மறு: மைசீலியத்துக்குத் தமிழ் – ‘இழைப்படர்’ ஏன்?

நண்பர்களே, வணக்கம்.

மைசீலியம் என்பது மெல்லிய நூல்களாகப் பரவும் பூஞ்சையின் உடல். அதற்கு நான் ‘இழைப்படர்’ என்று சொன்னபோது, ‘பூஞ்சை வலை’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று கிள்ளான் ஆசிரியை கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. போன மாதம் வரை நானும் ‘வலை’ என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகள் வரைந்த படங்களைப் பார்த்த பிறகு மனம் மாறிவிட்டது.

பினாங்கில் எங்கள் சனிக்கிழமை வகுப்புக்கு வருகிறவர்களுக்கு 13 வயதுதான் இருக்கும். ஒரு காளானை வரைந்து, மண்ணுக்கு அடியில் என்ன இருக்கும் என்பதையும் வரையச் சொன்னேன். பலர் செடிக்குப் போடுவதுபோல் வேர் போட்டார்கள். இரண்டு பேர் மீன்வலையை மண்ணுக்குள் விரித்து வைத்திருந்தார்கள். அந்தப் பிழை என் சொல்லால் வந்தது. வலை என்பது பின்னி முடித்த பொருள், தானாக வளராது. பூஞ்சையின் உடலோ நுனியில் வளர்ந்துகொண்டே போவது. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகள் கிளைவிட்டு, நொதிகளைக் கசியவிட்டு, உணவை வெளியிலேயே கரைத்து உறிஞ்சுகின்றன. பச்சையம் கிடையாது, கால் கிடையாது. சாப்பாடு இருக்கும் இடத்துக்கு வளர்ந்துதான் போக வேண்டும்.

இப்படி வளர்ந்து பரவுவதைச் சொல்ல ‘படர்’ என்ற வினை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. தோலில் வட்டமாகப் பரவும் பூஞ்சைத் தொற்றை நம் பாட்டிமார் ‘படர்தாமரை’ என்றார்கள். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். வெள்ளை வேர் நோய் கண்ட ரப்பர் மரத்தின் அடியைத் தோண்டி, வேரில் ஒட்டியிருந்த வெள்ளை நூல்களைக் காட்டி, “பாரு, எப்படிப் படர்ந்திருக்கு! இது அடுத்த மரத்துக்கும் போகும்” என்பார். அவர் அறிவியல் படித்ததில்லை, ஆனால் நமக்கு வேண்டிய சொல் அவர் வாயில் இருந்தது.

அப்புறம் ‘பூத்தல்’. வறுமையில் வாடும் வீட்டின் அடுப்பைப் புறநானூறு ‘ஆம்பி பூப்ப’ என்கிறது. ஆம்பி என்றால் காளான். இன்றும் ரொட்டியில் பூசணம் பூத்தது என்கிறோம். கீழே படர்வது உடல், மேலே பூப்பது வித்துகளைப் பரப்பும் உறுப்பு. பாடத்தின் பாதி இந்த இரண்டு வினைகளிலேயே அடங்கிவிடுகிறது.

ஆகவே தனி நூலுக்கு ‘இழை’, அவை சேர்ந்த முழு உடலுக்கு ‘இழைப்படர்’ என்று முன்மொழிகிறேன்.

சிங்கை நண்பர் சொன்ன ‘பூசண இழையம்’ காதுக்கு இனிமைதான். ஆனால் தமிழகத்தார் திசு என்பதை இலங்கைப் பாடநூல்கள் இழையம் என்கின்றன. அங்கிருந்து வரும் பாடங்களையும் நம் பிள்ளைகள் படிக்கட்டும், குழப்பம் வேண்டாம். படர் என்றால் துன்பம் அல்லவா, ‘படர்மெலிந்திரங்கல்’ என்று குறளிலேயே அதிகாரம் இருக்கிறதே என்று ஈப்போ ஐயா நினைவூட்டினார். உண்மைதான் ஐயா. ஆனால் முன்னால் ‘இழை’ நிற்பதால் பொருள் மாறாது என்று நம்புகிறேன்.

இடைநிலைப்பள்ளியில் மலாய் நூலில் இழைக்கு ‘ஹிஃபா’, இழைப்படருக்கு ‘மிசிலியம்’ என்றுதானே வரும் என்ற கவலை எனக்கும் உண்டு. அதையும் சேர்த்தே சொல்லிக்கொடுப்போம். புரிந்துகொள்ள இழைப்படர், தேர்வில் அடையாளம் காண மிசிலியம்.

சென்ற வாரம் சந்தையில் வாங்கிய தெம்பே ஒன்றை வாழையிலை பிரித்து வகுப்பில் வைத்தேன். வேகவைத்த சோயா அவரையில் ரைசோபஸ் பூஞ்சை ஓரிரு நாள் படர்ந்ததால் வந்த கட்டி அது. மெல்லியதாக நறுக்கினாலும் உதிரவில்லை. “பருப்பை ஒட்டவைத்தது எது?” என்று கேட்டதும், “இழைப்படர்!” என்று ஒரே குரலாகச் சொன்னார்கள். மறுபடி காளான் படம் வரையச் சொன்னபோது மூன்று பேர் மண் முழுக்க, காளானைத் தாண்டி வெகுதூரம், நூல் நூலாக இழுத்திருந்தார்கள். ஒரு பெண், காளானைப் பறித்துவிட்டால் கீழே இருப்பது செத்துவிடுமா என்று கேட்டாள். சாகாது, மழை வந்தால் மறுபடி பூக்கும் என்றேன்.

ஒன்று மட்டும் பாடத்தில் தனியாகச் சேர்க்க வேண்டும்: தாப்பாய் என்ற புளித்த சோற்றுப் பலகாரம் செய்யச் சேர்க்கும் ராகியில் (கேழ்வரகு அல்ல, புளிக்கவைக்கும் மாவு வில்லை) உள்ள ஈஸ்ட்டும் பூஞ்சைதான், ஆனால் ஒற்றைச் செல்லாக வாழ்வது. அதற்கு இந்தச் சொல் பொருந்தாது.

‘இழைப்படர்வு’ என்று முடிப்பதா, ‘இழைப்படர்’ போதுமா? படர்வு என்றால் செயலைக் குறிப்பதுபோல் எனக்குப் படுகிறது. இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த சனிக்கிழமைக்குள் பயிற்றுத்தாளை அச்சிட வேண்டும்.