பழைய காரில் நண்பரோடு 2,000 கி.மீ.: கிளம்பும் முன் எதைச் சரிசெய்வது, எதைக் கையில் வைத்துக்கொள்வது?

கேள்வி

பெட்ரோல் கார், வயது 18, ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், மேனுவல் கியர். நானும் நண்பரும் மாறி மாறி ஓட்டி, போக வர சுமார் 2,000 கி.மீ. போவதாகத் திட்டம். நடுவில் ஒரு நீண்ட மலையேற்றமும் உண்டு. கிளம்ப மூன்று வாரம் இருக்கிறது. தெரிந்த குறைகள்:

1. நெரிசலில் ஊர்ந்தால் டெம்பரேச்சர் முள் முக்கால் வரை ஏறுகிறது. வேகம் எடுத்தால் இறங்கிவிடுகிறது.
2. சூடான வண்டியை நிறுத்திவிட்டுக் கால் மணி நேரத்தில் எடுத்தால் சில சமயம் ஸ்டார்ட் ஆவதில்லை. அரை மணி நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது.
3. ஆயில் குடிக்கிறது. எவ்வளவு என்று அளந்ததில்லை.

எல்லாவற்றையும் மாற்றப் பணம் போதாது. எதை விடவே கூடாது? வழியில் நின்றுவிட்டால் செலவை எப்படிப் பிரிப்பது என்பதையும் நண்பர் இப்போதே பேசிவிடலாம் என்கிறார்.

பதில் 1: சூடேறுவது பற்றி

நெரிசலில் ஏறி வேகத்தில் இறங்கினால் முதல் சந்தேகம் ஃபேன் மேல். ஓடும்போது காற்று தானாகவே ரேடியேட்டருக்குள் புகும். நின்றால் ஃபேன்தான் அதை இழுக்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, ஐடிலில் (வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போது) சரியாக இருந்து நெடுஞ்சாலையில் முள் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, பாதி திறந்து நிற்கும் தெர்மோஸ்டாட், தேய்ந்த வாட்டர் பம்ப் என்று தேட வேண்டியிருக்கும். உங்களுடையது முதல் வகை, செலவு குறைந்த வகை.

ஏசியை அணைத்து வண்டியை ஐடிலில் விடுங்கள். முள் பாதியைத் தாண்டியதும் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஏசியைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் ஏசியோடு ஃபேனும் ஓடும். ஒரே ஃபேன் உள்ள வண்டியில் ஏசிக்கு ஓடி, சூட்டுக்கு ஓடாவிட்டால் மோட்டார் நன்றாக இருக்கிறது, கோளாறு சென்சாரிலோ அதன் கனெக்டரிலோ. இரண்டுக்குமே ஓடாவிட்டால் ஃப்யூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் போங்கள். மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்தும் சோம்பலாகச் சுற்றினால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். அது சூட்டில் நின்றுபோகும், அதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

அடுத்து ரேடியேட்டர் மூடி. சிறிய பொருள்தான், ஆனால் பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி இருந்தால் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காமல் 100 டிகிரியிலேயே கொதித்து வெளியே தள்ளும். பழைய மூடியில் அச்சிட்டிருக்கும் அதே அளவில் புதிது வாங்கிப் போடுங்கள். கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உள்ளே உப்புப் படியும். ஹோஸ்களை ஆறிய பின் பிசைந்து பாருங்கள். கிளாம்ப் அருகே மொரமொரத்தாலோ தளதளத்தாலோ மாற்றுங்கள்.

இதற்கெல்லாம் பணம் போடும் முன் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் மேலுள்ள ஹெட்டுக்கும் இடையே அடைக்கும் தகடு) நன்றாக இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். வெளியே கசிவு இல்லாமலே கூலன்ட் குறைவது, காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது, ரேடியேட்டரில் விடாமல் குமிழி வருவது: இதில் ஏதாவது இருந்தால் இந்தப் பயணத்துக்கு இந்த வண்டி வேண்டாம்.

மலையேற்றத்தில் ஏசியை அணைத்து, ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள். அப்படியும் முள் ஏறினால் ஹீட்டரை முழுச் சூட்டிலும் புளோயரை முழு வேகத்திலும் வையுங்கள். உள்ளே வெந்துபோவீர்கள், ஆனால் ஹீட்டர் என்பது இன்னொரு சிறிய ரேடியேட்டர். நண்பரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்: ஏறிக்கொண்டிருந்த முள் திடீரெனக் கீழே விழுந்து, ஹீட்டரில் குளிர்காற்று வந்தால் வண்டி ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. கூலன்ட் முழுக்கப் போய், சென்சார் காற்றில் தொங்குகிறது. அந்த நொடியே ஓரம் கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும். முக்கால் மணி நேரமாவது மூடியில் கை வைக்காதீர்கள். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வளையும், பிளாக்கில் விரிசலும் விடலாம்.

பதில் 2: சூட்டில் ஸ்டார்ட் ஆகாதது பற்றி

மூன்றில் இதுதான் உங்களை நடுவழியில் நிறுத்தக்கூடியது. பெட்ரோல் போட நிறுத்துவீர்கள், சாப்பிட நிறுத்துவீர்கள், ஒவ்வொரு முறையும் பயம். அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாதபோது சாவியைத் திரும்பத் திரும்பத் திருகாமல் இவற்றைக் கவனியுங்கள்.

செல்ஃப் சுற்றுகிறதா? ஒரே ஒரு “டக்” சத்தம் வந்து நின்றால் செல்ஃப் மோட்டார் அல்லது அதன் சோலனாய்டு. “டகடகடக” என்று அடித்தால் பேட்டரி பலம் குறைவு அல்லது டெர்மினல் தளர்வு. ஓய்வில் உள்ள நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே போகக் கூடாது. பேட்டரி போஸ்டில் ஒரு முனையும் அதன் கிளாம்பில் மறுமுனையுமாக மல்டிமீட்டரை வைத்துச் செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட் காட்டினால்கூட அந்த இணைப்பு அழுக்கு. வெந்நீரும் சோடா உப்பும் போட்டுக் கழுவி, இறுக்கி, பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றி, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லையா? அப்படியானால் ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது அது சற்றாவது துள்ள வேண்டும். அசையாமல் பூஜ்யத்திலேயே கிடந்தால் கிராங்க் பொசிஷன் சென்சார் (இன்ஜின் சுற்றுவதை வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது) மேல் பலத்த சந்தேகம். அதன் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் வயதாகி, சூட்டில் விரிந்து தொடர்பு அறும். ஆறினால் மறுபடி சேரும். “அரை மணி நேரம் விட்டால் ஸ்டார்ட் ஆகிறது” என்பது இதன் பழகிய அறிகுறி. எல்லா வண்டியிலும் முள் துள்ளாது என்பதால் இன்னொரு சோதனை: சென்சார் மேல் ஈரத்துணி போட்டு ஐந்து நிமிடம் காத்திருந்து ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால் கிட்டத்தட்ட உறுதி.

முள் துள்ளுகிறது, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால் சாவியை ஆன் நிலையில் வைத்துக் காது கொடுங்கள். பின் சீட்டுக்குக் கீழே இரண்டு நொடி “ஊம்” என்று ஃப்யூயல் பம்ப் ஓட வேண்டும். ஓடாவிட்டால் பம்ப் ரிலேயை அதே எண் உள்ள வேறொரு ரிலேயோடு மாற்றிப் பாருங்கள். பம்ப் ஓடியும் பிடிக்கவில்லை, பெட்ரோல் வாடை தூக்கலாக இருக்கிறது என்றால் இன்ஜெக்டர் ஒழுகி, உள்ளே பெட்ரோல் அளவுக்கு மீறிச் சேர்ந்து ஃப்ளட் ஆகியிருக்கலாம். ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள்.

டேங்க்கைக் கால் பாகத்துக்குக் கீழே விடாதீர்கள். டேங்க்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர்விப்பதே பெட்ரோல்தான், அடி வண்டலும் கிளம்பாது.

பதில் 3: ஆயில், பிரேக், டயர், டைமிங் பெல்ட்

ஆயிலை அளந்தால் பயம் போய்விடும். சமதரையில் நிறுத்தி, அணைத்து ஐந்து நிமிடம் கழித்து, டிப்ஸ்டிக்கின் மேல்கோடு வரை நிரப்புங்கள். 500 கி.மீ. ஓட்டிவிட்டு அதே இடத்தில் பாருங்கள். பெரும்பாலான கார்களில் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு லிட்டர். 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் குடித்தால் 2 லிட்டரைப் பின்னால் போட்டுக்கொண்டு தைரியமாகப் போகலாம், தினமும் காலையில் பார்த்து ஊற்றினால் போதும். ஒரு லிட்டரைத் தாண்டினால் முதலில் பி.சி.வி. வால்வைப் (இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை வெளியேற்றும் வால்வு) பாருங்கள், அது அடைத்துக்கொண்டாலும் இன்ஜின் ஆயில் குடிக்கும், விலையும் அதிகமில்லை. ரிங் மாற்றும் பேச்சுக்குப் பிறகு வரலாம்.

நீங்கள் கேட்காத ஒன்று: டைமிங் பெல்ட், அதாவது வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயங்க வைக்கும் பெல்ட். உங்கள் இன்ஜினில் செயின் இல்லாமல் பெல்ட் இருந்து, கடைசியாக எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால், மற்ற எதற்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். பல இன்ஜின்களில் அது அறுந்தால் பிஸ்டன் வால்வுகளை இடித்து வளைத்துவிடும், ரோட்டோரம் சரிசெய்ய முடியாது. டென்ஷனர், வாட்டர் பம்ப் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், பிரிக்கும் கூலி ஒன்றுதான்.

மலை இறங்கும்போது பிரேக் ஆயில் முக்கியம். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் இழுத்த பின் அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாயில் ஆவி சேர்ந்து பெடல் தரை வரை போகும். இரண்டு வருடத்துக்கு மேல் ஆன ஆயிலை மாற்றுங்கள். பேட் 3 மி.மீ.க்குக் கீழே இருந்தால் அதையும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

டயர் பக்கவாட்டில் DOT என்ற எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஸ்டெப்னியிலும் இதைப் பாருங்கள், பட்டன் தேயாமலே கிழடாகிப்போவது பெரும்பாலும் அதுதான். காற்றும் அடித்து வையுங்கள்.

சோதனை ஓட்டம் கட்டாயம்: வேலை எல்லாம் முடிந்ததும், முழுச் சுமையோடு, ஏசி போட்டு, ஒரு ஏற்றம் சேர்த்து 200 கி.மீ. இதைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே முடியுங்கள். முந்தின நாள் புதுப் பாகம் மாட்டாதீர்கள். சரியாக இறுக்காத கிளாம்ப், விட்டுப்போன கனெக்டர் எல்லாம் முதல் 200 கி.மீ.க்குள் தெரிந்துவிடும்.

பையில்: ஃபேன் பெல்ட், மேல் கீழ் ரேடியேட்டர் ஹோஸ், நான்கு கிளாம்ப், 5 லிட்டர் தண்ணீர், ஃப்யூஸ்கள், இரண்டு ரிலே, 2 மீட்டர் ஒயர், இன்சுலேஷன் டேப், கேபிள் டை, மல்டிமீட்டர், 8 முதல் 19 வரை ஸ்பேனர், ஜம்பர் கேபிள், இழுக்கும் கயிறு, தலையில் மாட்டும் டார்ச், எச்சரிக்கை முக்கோணம், தீயணைப்பான். ஜாக்கியை வீட்டிலேயே ஒருமுறை போட்டுத் தூக்கிப் பாருங்கள், நட்டு கழல்கிறதா என்றும் பாருங்கள்.

பதில் 4: நண்பரும் செலவும்

உங்கள் நண்பர் சொல்வது சரி. ரோட்டோரத்தில் வெயிலில் நின்றுகொண்டு பேசும் கணக்கு நட்பைக் கெடுக்கும். பெட்ரோல், சுங்கம், பஞ்சர், கட்டி இழுக்கும் செலவு, வண்டி நின்றதால் தங்க நேர்ந்த இரவு: பாதிப் பாதி. பேட்டரி, டயர், பெல்ட், பம்ப் என்று எப்படியும் மாற்ற வேண்டியிருந்த பாகங்கள்: வண்டிக்காரர் செலவு, ஏனென்றால் பயணம் முடிந்த பின்னும் அவை அவர் வண்டியில்தான் இருக்கும். டாஷ்போர்டில் சிவப்பு எச்சரிக்கை விளக்கைப் பார்த்தும் ஓட்டியதால் வந்த சேதம்: ஓட்டியவர் பொறுப்பு.

கூடவே ஒரு தொகையும் ஒரு காலமும் முடிவு செய்யுங்கள். ரிப்பேர் அந்தத் தொகையைத் தாண்டினாலோ ஒரு நாளுக்கு மேல் ஆனாலோ, வண்டியை ஒர்க் ஷாப்பில் விட்டுவிட்டு பஸ்ஸிலோ ரயிலிலோ தொடர்வது. அப்போதைய சூட்டில் இந்த முடிவை எடுக்க முடியாது. நண்பர் ஓட்டினாலும் இன்ஷூரன்ஸ் செல்லுமா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஓட்டாதவருக்கும் வேலை உண்டு: பத்து நிமிடத்துக்கு ஒருமுறை டெம்பரேச்சர் முள், எச்சரிக்கை விளக்குகள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். “நிறுத்து” என்று ஒருவர் சொன்னால் மற்றவர் விவாதிக்காமல் நிறுத்த வேண்டும். இரவு ஓட்டம் வேண்டாம். ஒர்க் ஷாப் மூடியிருக்கும், தூக்கமும் எதிரி. 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன் ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவர் அளவுக்குக் குறைவதை 1997இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது.

கேட்டவர்

மிக்க நன்றி. ஆர்.பி.எம். முள் அசையவில்லை, ஈரத்துணி போட்டதும் பிடித்துவிட்டது. ஃபேன் ஏசிக்கு ஓடுகிறது, சூட்டுக்கு ஓடவில்லை. ஒரே ஒரு சந்தேகம்: ஓடும்போது பேட்டரி விளக்கு எரிந்தால் அடுத்த ஊர் வரை போகலாமா?

பதில் 2 எழுதியவர்

கிராங்க் சென்சாரையும் ஃபேன் சென்சாரையும் மாற்றுங்கள். கிராங்க் சென்சாரில் மட்டும் மலிவான போலி வேண்டாம், அது சில மாதத்தில் அதே நோயைக் காட்டும். கழற்றும் முன் கனெக்டரில் ஆயில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் ஆயில் கசிவையும் அடைக்க வேண்டும்.

பேட்டரி விளக்கு எரிந்தால் உடனே டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்கள். முள்ளும் ஏறினால், அல்லது ஸ்டீயரிங் திடீரெனக் கனத்தால், பெல்ட் அறுந்துவிட்டது. பல வண்டிகளில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது, அங்கேயே நிறுத்துங்கள். பெல்ட் இருக்கிறது, முள்ளும் அசையவில்லை என்றால் டைனமோ சார்ஜ் செய்யவில்லை. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வர வேண்டும். அப்போது ஏசி, புளோயர், ரேடியோ, செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பகலில் ஓட்டலாம். ஃப்யூயல் பம்ப்பும் இக்னிஷனும் சேர்ந்து 10 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும் என்று வைத்தால், நல்ல 45 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி இரண்டு மணி நேரம்போல் தாங்கும். ஹெட்லைட் போட்டால் அது பாதியாகிவிடும், ரேடியேட்டர் ஃபேன் அடிக்கடி ஓடினாலும் குறையும். போய்ச் சேரும் வரை இன்ஜினை அணைக்காதீர்கள், மறுபடி செல்ஃப் எடுக்காது. பெல்ட் எந்தெந்த புல்லியைச் சுற்றிப் போகிறது என்று இப்போதே ஒரு படம் எடுத்து இருவர் செல்போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.