கயிறு கட்டி இறக்கிய கேனோ குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது, எங்கே தவறினோம்?

ஒற்றைத்துடுப்பு:
வணக்கம். நானும் என் மைத்துனனும் போன மாதம் ஆற்றில் கேனோ விட்டோம். ஐந்து மீட்டர் கேனோ, இரண்டு நாளுக்கான சாமான். நடுவில் சுமார் 150 மீட்டருக்குப் பாறையும் நுரையுமாக ஓடும் இடம் ஒன்று வந்தது. துடுப்பு போட்டு இறங்கத் தைரியம் இல்லை, தலையில் தூக்கிப் போகச் சோம்பல், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சரி, கரையில் நடந்தபடியே கயிற்றால் பிடித்து இறக்கிவிடலாம் என்று முன்முனைக் கைப்பிடியில் ஒரு கயிறு, பின்முனைக் கைப்பிடியில் ஒரு கயிறு கட்டினோம். முன்கயிறு என்னிடம், பின்கயிறு அவனிடம். முதல் ஐம்பது மீட்டர் கூப்பிட்ட பக்கம் வரும் நாய்க்குட்டி மாதிரி வந்தது. அப்புறம் ஒரு பாறையைத் தாண்டுவதற்காக அவன் கொஞ்சம் கயிறு விட்டான், பின்முனை வெளியே போனது, போனது போனதுதான், படகு ஆற்றுக்குக் குறுக்கே நின்றுவிட்டது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்து இழுத்தோம். இழுக்க இழுக்கத் தண்ணீர் வரும் பக்கத்து விளிம்பு தாழ்ந்து, கண்ணெதிரே ரொம்பிக் கவிழ்ந்தது. அத்தனைக்கும் அங்கே தண்ணீர் தொடையளவுதான். எங்கே தப்பு?

நீர்க்காகம்:
இழுத்ததுதான் தப்பு. அதுவும் நீங்கள், முன்கயிற்றை.

எது முன், எது பின் என்பதை மறந்துவிடுங்கள். தண்ணீர் வரும் பக்கம் இருப்பது மேல்முனை, தண்ணீர் போகும் பக்கம் இருப்பது கீழ்முனை. அன்றைக்கு மேல்முனை உங்கள் மைத்துனர் கையில் இருந்தது. மேல்முனையைக் கரையிலிருந்து கொஞ்சம் வெளியே சாய்த்தால் ஓட்டம் படகின் கரைப்பக்கத்து விலாவில் மோதிப் படகை நடு ஆற்றுக்குத் தள்ளும், மேல்முனையை உள்ளே இழுத்தால் மறுபக்கத்து விலாவில் மோதிக் கரைக்குக் கொண்டுவரும். பட்டம் விடுவது மாதிரிதான், பலத்தால் ஓட்டுவது கிடையாது, சாய்வால் ஓட்டுவது. பாறையைத் தாண்ட வெளியே சாய்த்தது சரியான யோசனை. ஆனால் சாய்வு கொஞ்சம் கூடிவிட்டால் ஓட்டம் மொத்த விலாவையும் பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் நீங்கள் கீழ்முனையை இறுக்கிப் பிடித்திருந்தீர்கள் அல்லவா, அதனால் படகு நேராகத் திரும்ப வழியே இல்லாமல் போய்விட்டது. நீங்கள் முன்கயிற்றைத் தளர்த்தியிருந்தால், தேவைப்பட்டால் கையைவிட்டே விட்டிருந்தால், படகு அவர் கயிற்றில் தொங்கிக்கொண்டு ஓட்டத்தோடு நேராகி, ஊசல் மாதிரி ஆடித் தானாகவே கரையோரம் வந்திருக்கும்.

கட்டிய இடமும் ஒரு காரணம். கைப்பிடி படகின் மேலே இருக்கிறது. மேலே கட்டி இழுத்தால் படகு வருவதற்கு முன் விளிம்புதான் சாயும். அதுவும் தண்ணீர் வரும் பக்கமாகவே சாயும். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும், ஆகவே தொடையளவுத் தண்ணீர் என்பதில் ஆறுதல்பட ஒன்றுமில்லை.

ஈரச்செருப்பு:
மேலே சொன்னதெல்லாம் சரி, நான் கயிற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், இடுப்பில் கட்டவே கட்டாதீர்கள். நான் ஒரு தடவை பிடி வழுக்குகிறதே என்று மணிக்கட்டில் ஒரே ஒரு சுற்றுதான் சுற்றினேன், படகு ஒரு வெட்டு வெட்டியதும் முகம் குப்புற விழுந்து மூன்று மீட்டர் பாறை மேல் இழுபட்டேன். மோதிர விரல் இன்றைக்கும் முழுசாக மடங்காது. பிடி வேண்டுமென்றால் தடித்த கயிறு வாங்குங்கள். எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் இருந்தால் ஈரக் கையிலும் நிற்கும். மிதக்கும் பாலிபுரோப்பிலீன் நல்லது, நைலான் மூழ்கிப் பாறை இடுக்கில் போய் மாட்டும். நீளம் படகைப் போல மூன்று மடங்கு போதும், உங்களுக்கு 15 மீட்டர். கையில் இருக்கும் நுனியில் முடிச்சோ வளையமோ இருக்கவே கூடாது. கைவிட்ட கயிறு எதிலும் சிக்காமல் உருவிக்கொண்டு போக வேண்டும். இழுப்பு தாங்கவில்லை என்றால் பக்கத்தில் உள்ள மரத்தில் அரைச்சுற்று போட்டு மெல்ல மெல்ல விடலாம், கட்டிவைத்துவிட்டு வேடிக்கை பார்க்கக் கூடாது.

கத்தி லைஃப் ஜாக்கெட்டில், எட்டும் இடத்தில் இருக்கட்டும், பைக்குள் இருக்கும் கத்தியால் பிரயோசனம் இல்லை. இன்னொன்று, ஆளை மீட்க எறியும் கயிற்றுப் பையை எடுத்து இதற்குக் கட்டிவிடுகிறார்கள். அப்புறம் யாராவது விழுந்தால் எதை எறிவது?

ஒற்றைத்துடுப்பு:
நன்றி. இரண்டு சந்தேகம். கைப்பிடியில் கட்டாமல் வேறு எங்கே கட்டுவது? எங்கள் படகில் வேறு ஓட்டை எதுவும் இல்லை. அப்புறம், நான் விட்ட பிறகு மேல்கயிறு பிடித்தவனும் வழுக்கி விழுந்தால்?

நீர்க்காகம்:
ஓட்டை வேண்டாம். ஒரு துண்டுக் கயிற்றைப் படகின் அடிவயிற்றுக்குக் கீழே கொடுத்து, இரண்டு நுனியையும் இரு பக்கமும் இருக்கைச் சட்டத்தில் இறுக்கிக் கட்டுங்கள். அடியில் நடுக்கோட்டில் ஒரு சின்ன வளையம் வரும்படி முன்பே முடிச்சு போட்டிருக்க வேண்டும், இழுகயிறு அந்த வளையத்திலிருந்து புறப்படும். இழுப்பு அடியிலிருந்து வருவதால் தண்ணீர் வரும் பக்கத்து விளிம்பு தாழாமல் கொஞ்சம் தூக்கிக்கொடுக்கும். மேல்முனைக்கு இது அவசியம். கீழ்முனைக்குக் கைப்பிடியே போதும் என்பது என் பழக்கம், ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. சுமையையும் மேல்முனையில் ஏற்றாதீர்கள், அது லேசாக இருந்தால்தான் ஓட்டம் அதைக் கவ்வாது.

அவன் விழுந்தால் என்று கேட்டீர்களே, அவன் விடத்தான் வேண்டும். நீங்கள் இன்னும் பிடித்திருந்தால் படகு அரைவட்டம் அடித்து உங்கள் முனை மேல்முனையாகிவிடும். இருவரும் ஒரே நேரத்தில் நடக்காமல் இருந்தாலே இந்தச் சிக்கல் பாதி வராது. ஒருவர் காலூன்றி நிற்க மற்றவர் நடக்க வேண்டும். ஆற்று இரைச்சலில் கத்தினால் கேட்காது, கையசைவை முன்பே பேசிவையுங்கள்.

வரைபடப்பித்து:
கொஞ்சம் பழங்கதை. 1805 மே 31 அன்று அமெரிக்காவின் மிசோரி ஆற்றில், மேற்குப் பகுதியை ஆராயப் போன லூயிஸ், கிளார்க் குழுவினர் படகுகளைக் கயிற்றால் ஆற்றுக்கு எதிராக இழுத்துப் போனபோது பெரிய படகு ஒன்றின் கயிறு ஓர் ஆபத்தான முனையில் அறுந்து, படகு சுழன்று பாறையைத் தொட்டு, கவிழாமல் தப்பியது. மற்ற கயிறுகள் எல்லாம் எல்க் மான் தோலில் செய்தவை, நைந்து போனவை. அறுந்ததோ அவர்களிடமிருந்த ஒரே சணல்வகைக் கயிறு, அவர்கள் அதிகம் நம்பியது! ஆகவே புறப்படும் முன் கயிறு முழுவதையும் விரலால் உருவிப் பாருங்கள்.

கனடாவில் உரோம வணிகத்துக்காகக் கேனோ ஓட்டிய பிரெஞ்சுக்காரர்கள் இதிலேயே தரம் பிரித்து வைத்திருந்தார்கள். படகையும் சரக்கையும் சேர்த்துச் சுமந்தால் போர்ட்டாஜ். சரக்கை மட்டும் இறக்கிச் சுமந்து வெறும் படகைத் தண்ணீரிலேயே கொண்டுபோனால் தெஷார்ஜ். நீங்கள் சாமானோடு இறக்கினீர்கள், நான் சாமானைச் சுமந்திருப்பேன். நனையக் கூடாதது கரையில் இருந்தால் கயிற்றைக் கைவிட மனசு வரும். மனசு வராததால்தான் பாதிப் படகுகள் கவிழ்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

சில இடங்களில் கயிறே வேண்டாம். சாய்ந்த மரம் ஆற்றில் கிடந்தால் தண்ணீர் கிளைகளூடே போகும், படகும் ஆளும் போக மாட்டார்கள். தாழ்வான தடுப்பணைக்குக் கீழே தண்ணீர் திரும்பத் திரும்பச் சுருட்டி உள்ளே இழுக்கும். கரை செங்குத்தாகி நடக்க இடமில்லாவிட்டாலும் அப்படித்தான். பேசாமல் தூக்கிக்கொண்டு போங்கள்.

ஈரச்செருப்பு:
ஒன்று விட்டுவிட்டேன். படகைப் பிடிக்கிறேன் என்று முழங்காலுக்கு மேல் ஓடும் தண்ணீரில் இறங்காதீர்கள். கால் பாறை இடுக்கில் மாட்டினால் ஓட்டம் ஆளை அப்படியே மடக்கி அமுக்கிவிடும். தப்பித்தவறி அடித்துப்போனால் எழுந்து நிற்கப் பார்க்காமல் மல்லாந்து, கால் முன்னால் வர மிதந்து போங்கள். படகுக்குக் கீழ்ப்புறம் நிற்காதீர்கள், ரொம்பிய கேனோ அரை டன்னுக்கு மேல் வரும்.

ஒற்றைத்துடுப்பு:
புரிகிறது. அடுத்த வாரம் மெல்ல ஓடும் இடத்தில் காலிப் படகை வைத்து, முன்கயிற்றைக் கைவிட மட்டும் பழகப் போகிறோம். மைத்துனனுக்கு இதைப் படித்துக் காட்டினேன், தப்பு அவனுடையது இல்லை என்று தெரிந்ததும் ஒரே சிரிப்பு.

நீர்க்காகம்:
நல்லது. ஒரு தடவை இடம் மாற்றி, அவர் கீழ்முனையிலும் நீங்கள் மேல்முனையிலும் நின்று பாருங்கள். அதே படகைத் தண்ணீர் நிரப்பியும் ஒரு முறை இழுத்துப் பாருங்கள்.