போர்ட்: ஒரு சொல்லா, மூன்றா?

குழுவினருக்கு வணக்கம்.

போன கிழமை வீட்டு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தை உலாவி தானாகவே தமிழாக்கிக் காட்டியது. 'துறைமுகம் 80 ஐத் திறக்கவும்' என்றிருந்தது. அதற்குக் கீழே 'துறைமுக அனுப்புதல்'. நான் இருப்பது கொழும்பில், வெள்ளவத்தையில். காலி வீதியால் வடக்கே போய்க்கொண்டிருந்தால் உண்மையான துறைமுகமே வந்துவிடும். அங்கேயும் எண்பதாவது என்று ஒன்று இல்லை. சிரித்துவிட்டு மென்பொருளைத் தமிழாக்கும் நம் மொழிபெயர்ப்புக் கோப்பைத் திறந்தால் நாமும் திறமில்லை. போர்ட் (port) என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஓரிடத்தில் 'முனையம்', ஓரிடத்தில் 'வாயில்', இன்னோரிடத்தில் 'துறை', மிச்ச இடமெல்லாம் வெறும் 'போர்ட்'. யாரையும் குறை சொல்லவில்லை. 'வாயில்' நான் போட்டதுதான்.

சென்ற மடலில் சென்னை நண்பர் எழுதியது:

> எல்லா இடத்திலும் ஒரே சொல்லைப் போட்டுவிடலாமே. ஆங்கிலத்தில் ஒன்றுதானே இருக்கிறது?

இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. ஆங்கிலத்தில் இருப்பது ஒன்றல்ல, ஒன்றுபோல ஒலிக்கும் பல. இலத்தீனில் போர்ட்டுஸ் என்றால் துறைமுகம், போர்ட்டா என்றால் வாசல், போர்ட்டாரே என்றால் சுமந்து செல்லுதல். மூன்றும் வால் தேய்ந்து ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து நிற்கின்றன. அவற்றுக்கும் பின்னால் இன்னும் பழைய ஒரே வேர் உண்டு என்பது வேறு கதை. போர்ட் வைனுக்குப் பெயர் போர்த்துக்கலின் ஒப்போர்ட்டோ நகரத்தால் வந்தது. கப்பலின் இடப்பக்கத்தை முன்பு லார்போர்ட் என்றார்கள், வலப்பக்கம் ஸ்டார்போர்ட். காற்றில் கத்தினால் இரண்டும் ஒன்றாகவே கேட்கும் என்பதால் பிரித்தானியக் கடற்படை 1844இல் இடப்பக்கத்துக்குப் போர்ட் என்ற பெயரையே நிலைப்படுத்தியது. வைனும் கப்பலும் நம் கோப்பில் இல்லை, விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியவை மூன்று: இலக்கத்தோடு வருவது, கம்பி செருகுவது, மென்பொருளை இன்னொரு தளத்துக்கு (விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு என்பதுபோல) கொண்டுபோவது.

முதலில் இலக்கத்தோடு வருவது. இணையப்பக்கம் 80, மறையாக்கப்பட்ட பக்கம் 443, மின்னஞ்சல் 25 என்று 0 முதல் 65,535 வரை போகிறதே, அது. இதற்கு 'துறை'தான் என் தெரிவு, 'துறைமுகம்' அல்ல. துறைமுகம் என்பது முழு இடம். கொழும்புத் துறைமுகம் ஒன்றுதான். ஆனால் கப்பல் வந்து கட்டுவது அதற்குள் இலக்கமிட்ட ஓர் இடத்தில். எண்ணெய்க் கப்பல் கட்டும் இடத்தில் கொள்கலன் கப்பலுக்கு வேலையில்லை. கணினியும் அப்படியே. ஐ.பி. முகவரி, அதாவது வலையமைப்பில் ஒரு கணினியின் முகவரி, துறைமுகம் என்றால், இந்த இலக்கங்கள் அதற்குள் உள்ள துறைகள். ரவுட்டர் பக்கத்தை மொழிபெயர்த்த இயந்திரம் பிழைவிட்டது ஒரேயொரு 'முக'த்தில்.

நமக்கு இந்தச் சொல்லை விளக்கவும் தேவையில்லை. பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, காங்கேசன்துறை என்று ஊர்ப்பெயராகவே வைத்திருக்கிறோம். நயினாதீவுக்குப் போகிறவர் குறிகட்டுவான் இறங்குதுறையில்தான் படகேற வேண்டும். சிங்களத்தில் 'தொட்ட' என்பதும் இதே பொருள்தான். அம்பாந்தோட்டையில் இருப்பது அதுதான், தோட்டம் அல்ல.

'துறை என்றால் அரசுத் துறை என்று குழம்பாதா' என்று ஒருவர் கேட்டிருந்தார். தமிழ்நாட்டில் குழம்பலாம். இங்கே அரச அலுவலகம் திணைக்களம்: தபால் திணைக்களம், குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். பழைய அகப்பொருள் இலக்கணத்தில் திணையும் துறையும் அடுத்தடுத்து வரும். அந்தச் சோடியில் அரச அலுவலகத்துக்கென்று அவர்கள் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள், நாங்கள் மற்றதை எடுத்தோம் என்று நினைத்தால் எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். சரி, சுற்றுலாத்துறை, தமிழ்த்துறை என்று இங்கும் உண்டுதான். ஆனால் 'துறை 8080 ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்பதைப் படித்துவிட்டு எண்ணாயிரத்து எண்பதாவது அமைச்சைத் தேடப்போகிறவர் யார்? பக்கத்தில் நிற்கும் இலக்கமே பொருளைச் சொல்லிவிடும்.

என்னுடைய பழைய 'வாயில்' ஏன் வேண்டாம் என்றால், இரண்டு வலையமைப்புகளை இணைக்கும் கேட்வேக்கு ஏற்கெனவே 'நுழைவாயில்' போட்டுவிட்டோம். மின்சுற்றில் வரும் லொஜிக் கேட்டையும் தமிழ்நாட்டில் வாயில் என்கிறார்கள். (எங்கள் பாடப்புத்தகத்தில் அது தருக்கப் படலை. வீட்டு வேலிப் படலையைத் திறந்து மூடிய பிள்ளைக்கு அந்தப் பாடம் பாதி விளங்கிவிடும். அந்தச் சொல்லை வைத்தவர் யாரென்றாலும் அவருக்கு ஒரு கும்பிடு.)

இனி, கம்பி செருகுவது. இதற்கு நான் அகராதியைப் பார்க்கவில்லை. போன மாதம் என் போன் சார்ஜ் ஏறாமல் நின்றுவிட்டது. பம்பலப்பிட்டியில் ஒரு சிறு கடையில் கொடுத்தேன். இருபது வயதுப் பெடியன், நெற்றியில் விளக்கு, கையில் மெல்லிய ஊசி. போனைச் சாய்த்து இரண்டு தரம் ஊதினான். பிறகு ஊசியை விட்டு மெதுவாகக் கிளறினான். சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பஞ்சுருண்டை வந்து மேசைமேல் விழுந்தது, காற்சட்டைப் பையின் தூசு முழுவதும் அதில்தான். "அண்ணே, போர்ட் பழுதில்ல. வாய்க்குள்ள பஞ்சு இறுகிக் கிடந்திருக்கு" என்றான். யூ.எஸ்.பி.-சி என்ற அந்தச் சின்ன ஓட்டைக்குள் 24 தொடுபுள்ளிகள் இருக்கின்றன. அவற்றின்மேல் பஞ்சு மெத்தை போட்டால் மின் எப்படி ஏறும்?

போர்ட் என்றும் சொன்னான், வாய் என்றும் சொன்னான், ஒரே மூச்சில். போத்தல் வாய், சாக்கு வாய், குழாய் வாய் என்று உள்ளே ஏதாவது போகும் திறப்பை வாய் என்பது நம் பழக்கம். எனவே பொதுப்பெயர் 'செருகுவாய்', இடத்துக்கேற்ப யூ.எஸ்.பி. வாய், மின்னேற்று வாய். காதில் மாட்டும் ஹெட்போனுக்கு மட்டும் கொஞ்சம் இடிக்கும், காதுக்கு வாய் வைத்த மாதிரி. 'ஒலி வாய்' என்று சமாளிக்கலாம்.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு தளத்துக்கு எழுதிய மென்பொருளை இன்னொரு தளத்தில் ஓடும்படி ஆக்குவது. இதற்குக் கோப்பில் 'இடம்பெயர்த்தல்' என்று இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். இந்த நாட்டில் இடம்பெயர்ந்தவர் என்றால் யார் என்று எல்லோருக்கும் தெரியும். பாயும் சட்டிபானையுமாக மூன்று தரம் வீடு விட்டுப் போன ஒருவர் திரையில் அந்தச் சொல்லைப் பார்க்கும்போது அவருக்கு மென்பொருள் நினைவுக்கு வராது. என் முன்மொழிவு 'காவுதல்'. சுமந்து செல்லுதல் என்ற இலத்தீன் பொருளுக்கு அச்சொட்டான தமிழ். சாமானைக் காவிக்கொண்டு போ என்கிறோம், நுளம்பை நோய்க்காவி என்கிறோம், காவடியிலும் அதுதான். போர்ட்டபிள் என்பதற்கும் 'காவத்தக்க' என்று அதே வேரில் கிடைத்துவிடும்.

கருத்துகளை எழுதுங்கள்.
வெள்ளவத்தையிலிருந்து

* * *

வணக்கம். துறை, செருகுவாய் இரண்டுக்கும் என் ஆதரவு உண்டு. அரசுத் துறை என்று குழம்புமோ என்று கேட்டது நான்தான். இலக்கம் பக்கத்தில் வரும் என்றதும் சமாதானமாகிவிட்டேன். ஆனால் இலக்கம் இல்லாமல் 'துறையைத் தேர்ந்தெடு' என்று ஒரு பட்டியல் தலைப்பு இருக்கிறது, கவனியுங்கள்.

காவுதல் மட்டும் ஆகாது ஐயா. இங்கே காவு என்றாலே பலிதான். காவு கொடுத்தார்கள், வெள்ளம் இத்தனை பேரைக் காவு வாங்கியது என்றுதான் செய்தித்தாளில் வரும். 'இம்மென்பொருள் லினக்ஸுக்குக் காவப்பட்டது' என்று போட்டால் மதுரையில் இருப்பவர் கிடாவெட்டு என்றே நினைப்பார்.

இன்னொன்று. சுமந்துபோனால் பொருள் மாறாமல் போய்ச் சேர வேண்டும். இங்கே அப்படியா நடக்கிறது? பாதி நிரலைத் திருப்பி எழுதுகிறோம். புதிய தளத்துக்குத் தெரிந்த விதத்தில் அதே வேலையைச் சொல்லிக் கொடுக்கிறோம். அது சுமையில்லை, மொழிபெயர்ப்பு. 'தளப்பெயர்ப்பு' என்றால் என்ன?

சென்னையிலிருந்து

* * *

கிடாவெட்டுக்குப் பிறகு வாதாட ஒன்றுமில்லை. இரவு முழுக்க காவுதலுக்காக யோசித்துப் பார்த்தேன். இரண்டாவது காரணத்துக்குத்தான் மறுமொழி கிடைக்கவில்லை. தளப்பெயர்ப்பே இருக்கட்டும். வினையாக வரும்போது 'தளம்பெயர்த்தல்' என்று எழுதினால் மறுபடி இடம்பெயர்த்தல்போல ஒலிக்கும். 'தளப்பெயர்ப்புச் செய்' என்றே வைத்திருக்கிறேன். காவத்தக்க என்பதை எடுத்துவிட்டுக் 'கையடக்க' போட்டாயிற்று.

கோப்பில் மாற்றியவை: இலக்கம் வரும் இடமெல்லாம் துறை. நீங்கள் காட்டிய பட்டியல் தலைப்பு 'துறை இலக்கத்தைத் தேர்ந்தெடு'. போர்ட் ஃபோர்வேர்டிங் 'துறை திருப்பல்'. கப்பலைத் திருப்புவதுபோலத்தானே, வந்த தரவுப் பொதியை உள்ளே வேறொரு கணினிக்குத் திருப்புகிறோம். வன்பொருள் பக்கத்தில் செருகுவாய். மொழிபெயர்ப்பு நினைவகம் (முன்பு மொழிபெயர்த்ததைச் சேமித்து வைத்துத் திரும்பத் தரும் வசதி) பழைய 'முனைய'த்தைத் தானாகக் கொண்டுவந்து நிரப்புகிறது. அதை அழித்துவிட்டேன், நீங்களும் உங்கள் பக்கத்தில் அழித்துவிடுங்கள்.

பாஸ்போர்ட்டையும் மாற்ற வேண்டுமா என்று கேட்ட மட்டக்களப்புத் தங்கைக்கு: அது கடவுச்சீட்டு, அப்படியே இருக்கட்டும் அம்மா.