சம்மன் சார்பு செய்வதைத் தனியாரிடம் விடலாமா?

குன்னூர் வாசி:
நீதிமன்றத்தில் தீர்ப்பு எழுதுவதைத் தவிர மற்ற வேலைகளை வெளி நிறுவனங்களிடம் தாராளமாக ஒப்படைக்கலாம் என்பது என் கருத்து. வாடகை பாக்கிக்காக நான் தொடுத்த வழக்கில், எதிர்வாதிக்குச் சம்மன் சார்பு ஆவதற்குள், அதாவது முறைப்படி அவரிடம் சேர்வதற்குள், ஏழு வாய்தா போய்விட்டது. சம்மன் கொண்டுபோகும் நீதிமன்ற ஊழியரான அமீனா ஒவ்வொரு முறையும் ‘வீடு பூட்டியிருந்தது’ என்றே எழுதித் திருப்பினார். கடவுச்சீட்டு மையத்தில் கைரேகை பதிவதும் படம் எடுப்பதும் டாடா கன்சல்டன்சி ஊழியர்கள்தாம். வழங்கலாமா என்று முடிவெடுப்பது மட்டும் அரசு அதிகாரி. இதே முறை நீதிமன்றத்துக்கு ஏன் கூடாது?

கூடலூர் வழக்குரைஞர்:
ஐயா, நீங்கள் கேட்பது ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 2002இல் வந்த திருத்தத்தின்படி, உயர் நீதிமன்றம் அங்கீகரித்த கூரியர் மூலமும் சம்மன் அனுப்பலாம், செலவு வாதியுடையது. எதிர்வாதி வாங்க மறுத்ததாகக் கூரியர் ஆள் உறையின்மேல் எழுதித் திருப்பினால், சம்மன் முறையாகச் சார்பு ஆனதாக நீதிமன்றம் அறிவித்துவிடும். கைரேகை சரியாகப் பதியாவிட்டால் மறுபடி பதிந்துகொள்ளலாம். இங்கோ அந்த ஒரு வரியை நம்பி எதிர்வாதி வராமலே சொல்லும் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பே வந்துவிடுகிறது.

என் கட்சிக்காரர் பணியர் என்ற பழங்குடியைச் சேர்ந்த பெண். எஸ்டேட் லைன் வீட்டில் இருப்பவர். ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு அவர் உறையை வாங்க மறுத்ததாக எழுதியிருந்தது. அதே நாள், அதே நேரம் அவர் மலைச்சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார் என்பதற்கு எஸ்டேட்டின் வருகைப் பதிவேடான செக்ரோலில் அவர் பெயருக்கு நேரே எடை எழுதப்பட்டிருக்கிறது. தீர்ப்பு வந்ததே அவருக்கு அமீனா ஜப்திக்கு வந்தபோதுதான் தெரிந்தது. பழங்குடியினருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வழக்குரைஞர் உண்டு என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த வழக்குரைஞரைத் தேடிப் போகவே முதலில் சம்மன் கைக்கு வர வேண்டுமே.

குன்னூர் வாசி:
அமீனாக்கள் பொய் எழுதியதே இல்லையா?

கூடலூர் வழக்குரைஞர்:
எழுதியிருக்கிறார்கள், நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் கதவில் ஒட்டிவிட்டு வரும் அமீனா, வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டினார் என்பதையெல்லாம் அறிக்கையில் எழுதித்தர வேண்டும். அவரைக் கூண்டில் ஏற்றலாம்; துறை நடவடிக்கைக்கும் ஆளாக்கலாம். கூரியர் ஆளைத் தேடிப் போனபோது, அவர் வேலையை விட்டுத் திருப்பூர் போய்விட்டதாகச் சொன்னார்கள். சேலம் வழக்கறிஞர் சங்கத்தின் வழக்கில் 2005இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமே, கூரியர் பொய் அறிக்கை தரக்கூடும் என்ற ஆபத்தை எடுத்துச் சொல்லியிருக்கிறது.

கோத்தகிரி ஆசிரியை:
இங்கிலாந்திலும் இப்படித்தான் நடந்தது. தண்டனை பெற்றுச் சமூகத்தில் வாழ்வோரைக் கண்காணிக்கும் நன்னடத்தைப் பணியின் பெரும்பகுதியை 2014இல் தனியாரிடம் கொடுத்து, 2021 ஜூனில் மறுபடி அரசே எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பே, 2012இல் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்களை ஒரே ஒப்பந்தத்தில் விட்டு, ஆள் வராமல் விசாரணைகள் தள்ளிப்போயின. நம் மலையில் தனி மொழி பேசும் காட்டுநாயக்கர் பழங்குடியினர் சாட்சி சொல்லும்போது யார் மொழிபெயர்ப்பார் என்பதை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

குன்னூர் வாசி:
இங்கிலாந்தை விடுங்கள் அம்மா, என் ஏழு வாய்தாவுக்கு வழி சொல்லுங்கள். கூரியர் ஆள் நேரில் கொடுத்து எதிர்வாதியின் கையெழுத்தை வாங்கி வந்தால் ஏற்றுக்கொள்ளலாம். ‘மறுத்தார்’ என்று எழுதினால் மட்டும் அதை ஏற்காமல் அமீனாவை அனுப்பலாம். இதில் ஆட்சேபம் உண்டா?

கூடலூர் வழக்குரைஞர்:
கையெழுத்து இட்டவர் எதிர்வாதிதான் என்று சரிபார்த்துக்கொண்டால் ஆட்சேபமில்லை. ஆனால் அமீனாவை அனுப்ப வேண்டுமானால் அமீனா இருக்க வேண்டும். ஒருவரே பந்தலூர் வரை நடக்கும் நிலை மாறாதவரை, உங்கள் எட்டாவது வாய்தாவுக்கும் என்னால் உறுதி தர முடியாது.