விரால் அடிக்குது, ஆனா தூண்டி முள்ளு ஏறல: உதவி பண்ணுங்க அண்ணன்மாரே

எல்லாருக்கும் வணக்கம். மதுரை மாடக்குளம் பக்கம் இருக்கேன். சின்ன வயசுல மண்புழு, தக்கைன்னு ஜிலேபி மீன் பிடிச்ச ஆளு. இப்பத்தான் ரப்பர் தவளைக்கு (முள்ளு வச்ச போலி இரை) மாறியிருக்கேன், விராலுக்காக.

ஊருக்கு வெளிய ஒரு கண்மாய், குத்தகைக்காரர்கிட்ட கேட்டுட்டுத்தான் போடுறேன். மடை ஓரம் தாமரை இலை மண்டிக் கிடக்கும். இலை மேல தவளையை இழுத்து, சந்துல ஒரு நொடி நிறுத்துனா 'டபக்'னு ஒரு அடி. நானும் பதறிப்போய் தூண்டிலைச் சுண்டிருவேன். தவளை பறந்து வந்து என் காலடியில விழும். போன ஞாயித்துக்கிழமை மட்டும் நாலு அடி. மூணு இப்படியே போச்சு. நாலாவது மாட்டி, தாமரைத் தண்டுல சுத்தி, தூண்டி நரம்பை அத்துட்டுப் போயிருச்சு. வாங்கி ரெண்டு நாள்கூட ஆகல அந்தத் தவளை!

ஏழடி மீடியம் ராடு, பத்து பவுண்டு தாங்குற நைலான் நரம்பு. நைலான் இழுபடுறதால முள்ளு ஏறலையோன்னு சந்தேகம். பிரெய்டு (பின்னல் நரம்பு) மாத்தினா 30 பவுண்டு போதுமா, 40 வேணுமா? ராடும் ஹெவியா மாத்தணுமா?

அமெரிக்காக்காரங்க பாஸ் மீனுக்கு இதே தவளையைப் போடுற வீடியோவுல, அடிச்சதும் சுண்டாதே, நரம்பு கனக்கட்டும்ங்கிறாங்க. நம்ம விராலுக்கும் அதே கணக்கா?

இன்னொண்ணு, செவப்பு விரால் குஞ்சுக் கூட்டம் ஒண்ணு மேல வந்து வந்து போகுது. தாய் கீழயேதான் நிக்கும், தெரியும். அதுல போட மனசு வரல. அங்க போடச் சொல்லி யாரும் வராதீங்க.